எலிக்குப் பயம், எனக்குத் தலைவலி

எலிகளுக்குப் பயப்படக் கற்றுக்கொடுப்பது ஆய்வுக்கூடத்தில் என் வேலை. பெட்டிக்குள் ஒரு மணியொலி கேட்கும். உடனே காலடியில் சுருக்கென்று சின்ன மின்சாரம். மறுநாள் ஒலி மட்டும். பாடம் மண்டையில் ஏறியிருந்தால் எலி அப்படியே உறைந்து நிற்கும். பாதி எலிகளுக்கு, மூளையில் பயம் குடியிருக்கும் மூலையில் வளர்ச்சி ஹார்மோன் ஏற்றியிருந்தேன். மீதிக்கு வெறும் உப்புநீர். உடம்பை வளர்க்கிற சரக்கு அங்கே பயத்தையும் வளர்க்கிறது, அதோடு மனமும் சுருண்டுபோகிறது என்பது என் கணிப்பு.

எலிகள் என் மானத்தை வாங்கின. ஒலிக்கு முன்பே, நான் கதவைத் திறந்ததுமே, உப்புநீர் எலிகளும் சேர்ந்து சிலையாயின. எல்லாமே பயந்தால் எதை எதோடு ஒப்பிடுவது?

"மத்தியானம் நானே வந்து பாக்கறேன்," என்றார் இயக்குநர். "வித்தியாசம் தெரியலைன்னா இதை மூடிடலாம்மா. நீங்க ஈஸ்ட் ஆராய்ச்சிக்குப் போயிடுங்க. அது பயப்படாது."

அவர் முன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தலையை மட்டும் ஆட்டினேன். அவர் நகர்ந்ததும் மண்டை விண்விண்ணென்று தெறித்தது. இழுப்பறையிலிருந்த தைலத்தை நெற்றியில் தேய்த்தேன். தினமும் இதே வரிசைதான். முதலில் அவர், பிறகு தலைவலி, பிறகு தைலம், பிறகு எலிகள்.

வீட்டுக்காரரை போனில் கூப்பிட்டேன்.

"இன்னையோட என் ஆராய்ச்சி காலி. தலைவலி வேற உயிர் போகுது."

"ஐயையோ, தைலம் போட்டியா?"

"ஏன், அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல. முன்னாடியே தெரிஞ்சா பாப்பாவும் நானும் தயாரா இருப்போம்ல."

"எதுக்குத் தயாரு?"

"கோவிச்சுக்காதேம்மா. பூட்டுல சாவி திரும்பி, அந்த வாசனையும் வந்துச்சுன்னா, பாப்பா டிவியை அணைச்சிட்டுப் புஸ்தகத்தைத் தலைகீழாவாவது பிடிச்சுக்குவா. நான் சோபாவுல மூச்சு விட மாட்டேன். நீ வாயே திறக்க வேணாம்."

எனக்குக் கூசியது. நான் கத்தினால் பயப்படுவார்கள் என்று தெரியும். கத்துவதற்கு முன்பே பயந்து முடித்துவிடுகிறார்கள் என்பதை யாரும் சொன்னதில்லை. யாரிடமோ நான் பட்ட பயத்தை நெற்றியில் பூசி வீட்டுக்கு எடுத்துப்போயிருக்கிறேன்.

வீட்டுக்கு மட்டும்தானா?

எலி அறைக் கதவைப் பார்த்தேன். 'வாசனை பூசி உள்ளே வராதீர்கள்.' எழுதி ஒட்டியவளே நான்தான். தைலம் என் கணக்கில் மருந்து; வாசனையில் சேர்த்தி இல்லை. எலிகளின் கணக்கில் அது மின்சாரம் வரப்போகிறது என்ற முன்னறிவிப்பு.

முகத்தையும் கைகளையும் தோல் சிவக்கச் சோப்புப் போட்டுக் கழுவினேன். புது அங்கி மாட்டினேன். பெட்டிகளைத் துடைத்தேன். எலிகளைக் கொண்டுவந்து விட்டால், மீசையை ஆட்டிக்கொண்டு சாவகாசமாக உலாவின. ஒன்று என் எதிரிலேயே காதைச் சொறிந்தது. அந்த அலட்சியத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது இயக்குநர் உள்ளே வந்தார். அத்தனை எலிகளும் உறைந்தன.

"என்னம்மா, மறுபடியுமா?"

அவர் நெற்றி பளபளத்தது. நான் பூசும் அதே தைலத்தின் வாசனை.

"தலைவலியா சார்?"

"நாளைக்கு மேலிடத்து அம்மா கூப்பிட்டிருக்காங்க," என்றார் தணிந்த குரலில். "அந்த அம்மா குரலைக் கேட்டாலே எனக்கு..."

இத்தனை வருடமும் நான் பார்த்து உறைந்த முகம், கூண்டின் மூலையில் ஒண்டியிருக்கும் எலியின் முகம்போல இருந்தது. என் நாக்கு ஒட்டவில்லை.

"சார், போய் மூஞ்சியைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க."

"நானா?"

"காதுக்குப் பின்னாடியும்."

போனார். ஈரக் காதுகளோடு வந்து, நான் கொடுத்த அங்கியை மாட்டிக்கொண்டு, காட்டிய மூலையில் நின்றார். எலிகள் மறுபடி நடமாடத் தொடங்கும்வரை இருவரும் காத்திருந்தோம். ஒலி எழுந்தது. உப்புநீர் எலிகள் கொஞ்சம் தயங்கிவிட்டு நகர்ந்தன. ஹார்மோன் எலிகள் நின்றது நின்றபடி.

"மூட வேணாம்," என்றார் இயக்குநர், ரகசியம்போல.

சாயங்காலம் பூட்டில் சாவியைத் திருப்பினேன். டிவி சட்டென்று அணைந்தது. மகள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். திரும்பவும் டிவியைப் போட்டுக்கொண்டு, எனக்கு இடம்விட்டு நகர்ந்தாள்.

வீட்டுக்காரர்தான் சோபாவில் இன்னும் அசையவில்லை.