ஆள் இருந்தால்தான் சைரன்

எந்த மகராசன் உட்கார்ந்து யோசித்தானோ, தன்னார்வ ஆம்புலன்ஸ்களுக்கென்று ஒரு புது விதி வந்திருந்தது. வண்டிக்குள் நோயாளி இருந்தால்தான் சைரன் போடலாம். நோயாளியைத் தேடிப் போகும்போது வாயைப் பொத்திக்கொண்டு, லாரிக்கும் பஸ்ஸுக்கும் வழிவிட்டு, நல்ல பிள்ளையாகப் போக வேண்டும்.

தையற்கடை அக்காவுக்கு இதைக் கேட்ட நாளிலிருந்து வயிறு எரிந்தது. துணி தைத்த நேரம் போக, ஊரின் ஒரே ஆம்புலன்ஸை ஓட்டுபவள் அவள்தான். முதலுதவிக்குக் கூட வருபவன் அவள் தம்பி. போன மாதம் சிக்னலில் ஊமையாக நின்றுகொண்டிருந்தபோதே அங்கே வீட்டில் வண்டிக்காகக் காத்திருந்த ஒரு பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று வருடாந்திரச் சோதனை. தேறாவிட்டால் வண்டி ஷெட்டோடு சரி. சோதிக்க வந்த அதிகாரி சக்கரத்தைத் தட்டினார், வண்டியில் எழுதியிருந்த எழுத்தின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்தார், முதலுதவிப் பெட்டியிலிருந்த பஞ்சை மோந்துகூடப் பார்த்தார். கடைசியாக ஸ்ட்ரெச்சர் பெல்ட். அடுத்தவர் சொல்லை நம்புகிற ஆள் இல்லை அவர். ஷூவைக் கழற்றிவிட்டுத் தானே ஏறிப் படுத்தார்.

"நல்லா இறுக்கிக் கட்டுப்பா," என்றார் தம்பியிடம்.

கட்டி முடிப்பதற்குள் போன் வந்தது. பள்ளிக்கூட வாட்ச்மேனுக்கு மூச்சுத் திணறுகிறதாம்.

"சாரை அவுத்து விடட்டுமாக்கா?" என்றான் தம்பி.

"எதுக்குடா? ஆள்தான் உள்ள இருக்காரே. விதிப்படி சைரன் போடலாம்."

"நான் நோயாளி இல்லம்மா," என்றார் அதிகாரி.

"படுத்திருக்கீங்கல்ல சார், அது போதும்."

ஊரே ஒதுங்கி வழிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஸ்ட்ரெச்சரை வாட்ச்மேனுக்கு விட்டுக்கொடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அதிகாரி வெறுங்காலோடு ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, வாட்ச்மேன் மூக்கில் ஆக்ஸிஜன் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்க, வந்தாச்சு," என்று சொல்லிக்கொண்டே வந்தார். சும்மா சொல்லக் கூடாது, மனிதர் அந்த நேரத்தில் தங்கம். வாட்ச்மேன் பிழைத்துக்கொண்டார்.

ஷெட்டுக்குத் திரும்பி ஷூவை மாட்டியதும், அவருக்குள் அதிகாரி மறுபடி எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

"எல்லாம் சரியா இருக்கும்மா. ஒரே ஒரு குறை. பதிவு இல்லாத ஆள் ஒருத்தர் வண்டியில போயிருக்கார்."

"யாரு சார்?"

"நான்தான். மேலிடத்துக்கு விளக்கம் போய் பதில் வர்ற வரைக்கும் வண்டியை எடுக்கக் கூடாது."

அக்காவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அதற்குள் மறுபடி போன் அடித்தது. அவள் அதை எடுத்து அவரிடமே நீட்டினாள்.

"வண்டி வராதுன்னு நீங்களே சொல்லிடுங்க சார்."

அவர் காதில் வைத்தார். ஒரு பெண் அழுதுகொண்டே, குழந்தைக்கு வலிப்பு என்று கத்துவது அக்காவுக்கே கேட்டது. அதிகாரி என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு விலாசம் கேட்டார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் மறுபடி ஷூவைக் கழற்றினார். ஏறி ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டார்.

"சைரனைப் போடும்மா," என்றார். "பெல்ட்டை வழியில கட்டிக்கலாம்."