ஊசிக்குச் சொன்ன வயது

துணிக்கடைக்காரரை ஊரார் கஜக்கோல் என்றுதான் சொல்வார்கள். துணி அளக்கும் கோலைப் போலவே நிமிர்ந்த முதுகு. அவர் அளந்து கொடுத்தால் விரற்கடை கூடவும் கூடாது, குறையவும் குறையாது. அந்தப் பெயரை அவர் காதுபட யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். உள்ளூரப் பெருமையும் உண்டு.

அவர் மனைவி அதே கடையில் நாற்பது வருடம் நின்றே வியாபாரம் பார்த்தவள். நின்றதெல்லாம் காலில் வந்து இறங்கியிருந்தது. முழங்காலுக்குக் கீழே நரம்புகள் கயிறு போல முறுக்கிப் புடைத்திருந்தன. கணுக்காலைச் சுற்றிச் சிலந்தி வலையாக நீலமும் சிவப்புமாய் இழைகள். "நம்ம கடையில விக்காத டிசைன் இது ஒண்ணுதான்" என்று சிரிப்பாள். சாயங்காலமானால் சிரிப்பு வராது. காலைத் தூக்கி வைக்க இடம் தேடுவாள்.

அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் மகள்தான் பிடிவாதமாக ரத்தக்குழாய் டாக்டரிடம் இருவரையும் கூட்டிவந்தாள். டாக்டரம்மா இரண்டு காலிலும் ஸ்கேன் கருவியை ஓட்டிப் பார்த்தார்.

"இந்தக் குழாய்க்குள்ள ஊசியில மருந்து போட்டா அது சுருங்கி மூடிக்கும். போட்ட உடனே எழுந்து நடக்கணும். இறுக்கமான காலுறை போட்டுக்கணும். அம்மாவுக்கு வயசு என்ன?"

"அறுபத்தொண்ணு" என்றார் கஜக்கோல், மனைவி வாய் திறக்கும் முன்பே.

"இந்த வயசுல தாங்குமா டாக்டர்?" என்றாள் மகள்.

"வயசு மட்டும் தடையில்லம்மா. எண்பது வயசுக்காரங்களுக்கும் போட்டிருக்கேன். ஆனா வயசு ஏற ஏற, ரத்தம் உறையுற ஆபத்தும் ஏறும். அறுபத்தஞ்சு தாண்டினவங்களுக்கு நான் ஒரே நாள்ல ரெண்டு காலுக்கும் போடறதில்ல. அதைவிட முக்கியம், முன்ன எப்பவாவது கால்ல ரத்தம் கட்டியிருக்கா? பிரசவத்தப்ப? இருந்தா, பழைய சீட்டைப் பாக்காம ஊசியைத் தொட மாட்டேன்."

மனைவி கணவரைப் பார்த்தாள்.

"அப்படி எதுவும் இல்ல" என்றார் அவர். "எங்க வீட்டுல யாரும் ஆஸ்பத்திரியில படுத்ததே கிடையாது."

படுத்தது உண்டு. மகள் பிறந்த பன்னிரண்டாம் நாள் மனைவி இடது கால் தொடை வரைக்கும் வீங்கி, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்தச் சீட்டில் வயது முப்பது என்று எழுதியிருந்தது. அப்போது கஜக்கோலுக்கு இருபத்துநாலு. கூட்டாளிக்குக் கொடுத்த வாக்குக்காக, மகனைவிட ஆறு வயது மூத்த பெண்ணை எடுத்தவர் அவருடைய அப்பா. மகனைவிட இரண்டு வயது இளையவள் என்று ஊருக்குச் சொன்னவரும் அவரே. சீட்டை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, பெண் தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டார்கள்.

அதோடு போயிருந்தாலும் போயிருக்கும். எட்டு வருடத்துக்கு முன், உடன் வேலை பார்ப்பவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று மகள் வந்து நின்றாள். பையன் இரண்டு வயது இளையவன். "மூத்த பொண்ணை எடுக்கிறதும் கொடுக்கிறதும் நம்ம வம்சத்துலயே கிடையாது" என்று தம்பிகள் எல்லோரும் இருக்கக் கூடத்தில் நின்று சொன்னார் கஜக்கோல். பையன் வேலையை வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான். மகள் அழவில்லை, யாரையும் கட்டிக்கொள்ளவும் இல்லை. அந்த மகள்தான் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து டாக்டர் சொல்வதை எல்லாம் குறித்துக்கொண்டிருந்தாள்.

காலுறை வாங்க மகள் கீழே போனதும், வராந்தாவில் மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"அவ வர்றதுக்குள்ள போய்ச் சொல்லிட்டு வாங்க."

"நீயே சொல்லேன்."

"உங்கப்பா கையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன். என் வாயால வராது. சொல்ல வேண்டியது நீங்க."

அவர் எழுந்தார். டாக்டர் அறைக் கதவின் பிடியில் கையை வைத்தார். படியில் மகளின் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்னப்பா, என்ன வேணும்?"

"கைகழுவுற இடம் எங்கன்னு கேக்கலாம்னு" என்றார்.

அன்றே இரண்டு காலுக்கும் ஊசி போட்டார்கள்.

ஐந்தாம் நாள் காலையில் திரைச்சீலைத் துணியை மடித்துக்கொண்டிருந்தவள் மூச்சுக் கிடைக்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இடது கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. மகள் வண்டி பிடிக்க ஓடினாள். கஜக்கோல் இரும்பு அலமாரியைத் திறந்தார்.

அவசரப் பிரிவிலிருந்து இளம் டாக்டர் ஒருவர் வெளியே வந்தார்.

"ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கு. கரைக்க மருந்து போடலாம், ஆனா மூளையில ரத்தம் கசியவும் வாய்ப்பிருக்கு. வயசைப் பாத்துத்தான் முடிவு பண்ணணும்."

"அறுபத்தொண்ணு" என்றாள் மகள்.

"இல்ல" என்றார் கஜக்கோல். "அறுபத்தொம்போது."

"அப்பா, பதட்டத்துல உளறாதீங்க."

சட்டைப் பையிலிருந்து மஞ்சள் படிந்த சீட்டை எடுத்து நீட்டினார். டாக்டர் படித்தார், நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். "ஏற்கெனவே ஒரு தடவை கட்டியிருக்கே. ஊசி போட்டவங்களுக்கு இது தெரியுமா?" பதிலுக்கு நிற்காமல் உள்ளே ஓடினார். போன வேகத்தில் சீட்டை மகள் கையில் திணித்துவிட்டுப் போனார்.

மகள் அதைப் படித்தாள். மடித்தாள். திரும்பவும் பிரித்துப் படித்தாள்.

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நர்ஸ் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து மகளிடம் கொடுத்தாள். அதற்குள் கஜக்கோலின் தம்பிகள் இருவரும் வந்து சேர்ந்திருந்தார்கள். பேனாவைத் திறந்த மகள் வயது என்ற இடத்தில் நின்றாள்.

"எந்த வயசை எழுதட்டும்?" என்றாள்.

"என்னம்மா கேள்வி இது? அண்ணிக்கு அறுபத்தொண்ணுதானே" என்றார் சின்னத் தம்பி.

கஜக்கோல் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முதுகு நிமிரவில்லை.

"அறுபத்தொம்போது" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "என்னைவிட ஆறு வயசு மூத்தவ. அவளுக்குக் கால்ல முன்னயே கட்டினதும் எனக்குத் தெரியும்."

தம்பிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் தலை நிமிரவில்லை.

"அவர் என்னைவிட ரெண்டு வயசுதாம்பா சின்னவர்" என்று படிவத்தைப் பார்த்துச் சொன்னாள். பிறகு வயதை எழுதினாள்.