பரமலிங்கம் இறங்காத வீடு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளே. இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது கால் மணி நேரம்கூட வராது. 1937ஆம் ஆண்டு ஆடி மாதம் ஊர்காவற்றுறைத் துறையடியில், எங்கள் பக்கத்து வீட்டு வேலியோரம் ஒரு சைக்கிள் வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. மிச்சமெல்லாம் பலரிடம் கேட்டது. கேட்டவை ஒன்றோடொன்று ஒட்டாத இடத்தில் நானாக ஒட்டுப் போட்டிருக்கிறேன். தையல் தெரிந்தால் தெரியட்டும்.

எப்படித் தொடங்குவதென்று மூன்று நாள் மல்லுக்கட்டினேன்.

"பொன்னாலைப் பாலத்தில் சைக்கிள் ஏறியபோது இரு புறமும் பரவைக்கடல் வெள்ளித் தகடாக..."

இதைப் பாதியிலேயே கைவிட்டேன். இழவு சொல்லப் போகிறவன் கடலைப் பார்த்துக்கொண்டா போவான்? அடுத்த நாள் எனக்கே வெட்கமாகிவிட்டது. ஏன் பார்க்கமாட்டான்? செத்தது அவனுடைய மாமன். அவன் கண்ணுக்கு என்ன வந்தது? அந்தப் பாதை அழகான பாதை. முழங்கால் ஆழத்துக்கு மேல் போகாத கடல், தடி நட்டுக் கட்டிய மீன்வலைகள், வலைத் தடிக்கு ஒன்றாகக் குந்தியிருக்கும் நீர்க்காகங்கள், அங்கால் பனங்காடும் அதற்கு அங்கால் மறுபடி கடலும். துக்கத்தோடு போகிறவனுக்கென்று அவை மாறி நிற்பதில்லை.

2

ஆட்களைச் சொல்லவேண்டும்.

செத்தவர் சுழிபுரத்துக் கதிரவேலு. புகையிலைத் தோட்டக்காரர். மனைவி பூரணம் அதற்குப் பல வருடம் முன்பே போய்விட்டார். பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் தம்பிராசா, இளையவள் கமலாவதி. கமலாவதி எங்கள் ஊரில் வள்ளம் வைத்திருந்த நீக்கிலாப்பிள்ளையை, கிறிஸ்தவ வேதத்துக்கு மாறி, மாதா கோயிலில் கலியாணம் முடித்து, பக்கத்து வீட்டுக்கு வந்து ஆறு வருடம். அந்த ஆறு வருடமும் சுழிபுரத்து வீட்டில் அவள் பெயரை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை.

(நேரில் அவவை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். கதைக்குள் "அவள்" என்று எழுதுகிறேன். கோபிக்கமாட்டா.)

பரமலிங்கம் கதிரவேலுவின் தங்கை மகன். அந்தச் சொந்தத்துக்குள் சைக்கிள் வைத்திருந்தவன் அவன் ஒருவன். ஆகையால் தீவுப் பக்கத்துக்கு இழவு சொல்லுகிற வேலை அவன் தலையில். காலையில் பொன்னாலைப் பாலத்தால் காரைநகர், அங்கே துறையில் சைக்கிளை வள்ளத்தில் ஏற்றி ஊர்காவற்றுறை, பிறகு கரம்பன், சரவணை, வேலணை. அங்கிருந்து இன்னொரு வள்ளத்தில் அராலியில் கரையேறி வீடு. ஒரு முழு வட்டம். அந்த வட்டத்தில் ஏழு வீடு. எட்டாவது ஒன்றும் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு ஆசை வந்தது. முறைமச்சான்தானே, பரமலிங்கத்துக்குக் கமலாவதியில் பழைய விருப்பம் இருந்ததாக எழுதினால் என்ன? ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அதன் பிறகு அவன் செய்தது எல்லாம் விருப்பத்தால் செய்ததாகிவிட்டது. கிழித்து அடுப்பில் போட்டேன். விருப்பம் இல்லாமலும் ஒருவன் நல்லது செய்யலாம்.

3

விடியப்புறம் உயிர் போனது. பின்னேரம் மூன்று மணிக்கு எடுப்பதென்று முடிவாயிற்று. தம்பிராசா பரமலிங்கத்தை வீட்டுப் பின்பக்கம் கூப்பிட்டான். இதைப் பார்த்தவள் தம்பிராசாவின் பெண்சாதி குணலட்சுமி. பல வருடம் கழித்துக் கீரிமலையில், ஈரத் தலையோடு நின்று எனக்குச் சொன்னாள்.

"உந்தத் துறையடி வீட்டிலை மட்டும் நீ சைக்கிளாலை இறங்கக்கூடாது. ஒரு சொல்லும் சொல்லக்கூடாது. அவள் இந்தப் படலைக்குள்ளை கால் வைச்சாள் எண்டால், நான் கொள்ளி வைக்கமாட்டன். பிள்ளையாராணை."

அதோடு தம்பிராசா விடவில்லை. பரமலிங்கத்தையும் பிள்ளையார் மேல் சத்தியம் பண்ணச் சொன்னான்.

"இறங்கமாட்டன். சொல்லமாட்டன். போதுமோ?" என்று பரமலிங்கம் சைக்கிளை எடுத்தான்.

கமலாவதி பக்கத்தில் நின்று இதை யோசித்துப் பாருங்கள். எங்கள் சைவ வீடுகளில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பெட்டி வாசல் படலையைத் தாண்டினால் பெற்ற தகப்பன் முகம் அவ்வளவுதான். மூன்று மணிக்கு முன் அவள் வீட்டில் நிற்கவேண்டும். நின்றாலோ, ஒரே மகன் கொள்ளி வைக்கமாட்டேன் என்கிறான்.

4

காரைநகரில் சோழகக் காற்று முகத்துக்கு நேரே அடித்தது. தெற்கு நோக்கிப் போகிறவனுக்குச் சோழகம் ஒரு மதில். இருக்கையை விட்டு எழும்பி நின்று மிதித்தும் சைக்கிள் நடைவேகத்தில்தான் நகர்ந்தது. வாயெல்லாம் மணல். இரண்டு வீட்டில் செய்தி சொன்னான். இரண்டு வீட்டிலும் தண்ணீர் கேட்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை.*

* வெளியூர்ப் பிள்ளைகளுக்கு: இழவு சொல்ல வந்தவர் அந்த வீட்டில் வாய் நனைப்பதில்லை. புறப்படும்போது "போட்டு வாறன்", அதாவது போய்வருகிறேன், என்றும் சொல்வதில்லை. திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். இது சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த முறை.

துறையில் வள்ளக்காரன் அவனையும் சைக்கிளையும் ஏற்றினான். கடற்கோட்டையை வலது கையில் விட்டு

(இல்லை, இடது கை. வள்ளம் எந்தப் பக்கத்தால் வளைத்துப் போனது என்பது எனக்கு நிச்சயமில்லை. கோட்டை அங்கேதான் நிற்கிறது.)

ஊர்காவற்றுறையில் இறங்கும்போது பதினொரு மணி. துறையிலிருந்து கரம்பனுக்குப் போகிற தெரு கமலாவதியின் வேலியை உரசிக்கொண்டு போகும். வேறு தெரு இல்லை.

5

இனி நான் கண்டது.

நான் எங்கள் முற்றத்தில் பனங்கிழங்கு பிளந்த ஒடியல் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். சைக்கிள் வருவது தெரிந்தது. கமலாவதி வேலியடியில் நின்றவள் பலமாகச் சிரித்தாள்.

"என்ன மச்சான், நேரை பாத்துக்கொண்டு போறியள்? சைக்கிள் வாங்கின ஆளுக்குக் கண் வாங்க மறந்து போச்சோ?"

சைக்கிள் ஐந்தாறு பாகத் தூரம் தாண்டிப் போய் நின்றது. திரும்பி வந்தது. பரமலிங்கம் இறங்கவில்லை. ஒரு காலை மிதியிலும் மறு காலை வேலிக் கதியால் தடியிலும் ஊன்றிக்கொண்டு இருக்கையிலேயே இருந்தான். உதடு வெடித்திருந்தது. முகம் பூராவும் உப்பு.

கமலாவதி ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வேலிக்கு மேலால் நீட்டினாள். அவன் வாங்கினான். வைத்திருந்தான். பிறகு ஒரு சொட்டும் குறையாமல் திருப்பிக் கொடுத்தான்.

"ஏன், எங்கடை கிணத்துத் தண்ணியும் வேதத்துக்கு மாறிப் போச்சோ?" என்று அவள் குத்தலாகக் கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே குரல் இறங்கிவிட்டது. ஏனென்றால் மாசி மாதம் அந்தத் தெருவால் போனவன், அந்தக் கிணற்றுத் தண்ணீரை இரண்டு செம்பு குடித்துவிட்டுப் போனவன்தான். அவளுடைய சொந்தத்தில் அவள் வீட்டில் தண்ணீர் குடித்தவன் அவன் ஒருவனே.

அவள் செம்பைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். தாய் ஏற்கனவே இல்லை, தகப்பன்தான் மிச்சம்.

"அப்புவோ?"

பரமலிங்கம் வேலியிலிருந்து காலை எடுத்தான். போட்டு வாறன் என்று சொல்லவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை.

(கெட்டிக்கார வாசகர் ஒருவர் கேட்பார்: துறையடிக் கடையில் அவன் இளநீர் குடித்திருந்தால்? தாகமே இல்லாதிருந்தால்? எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அவன் கிழவனான பிறகு நேரில் கேட்டேன். "ஓம் பிள்ளை, தாகமில்லை" என்றான். அந்த வெடித்த உதட்டை நான் கண்டிருக்கிறேன் என்று சொன்னேன். "நான் ஒண்டும் சொல்லேல்லைத்தானே?" என்று மட்டும் கேட்டான்.)

6

கரையில் பாய் தைத்துக்கொண்டிருந்த நீக்கிலாப்பிள்ளை, கமலாவதி கூப்பிட வீட்டுக்கு வந்தான். அவனுக்கு நல்ல வசனம் நாலைந்து யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வேண்டாம். அவன் சொன்னது எனக்குக் கேட்டது.

"சீலையை மாத்திக்கொண்டு வா. சோழகம் பின்னாலை நிக்குது, பொன்னாலைக்கு ரெண்டு மணித்தியாலம்."

"நான் போய் அண்ணை கொள்ளி வைக்காட்டில்? கலியாணத்தண்டைக்கே சொன்னவர்."

"அது அவரின்ரை கதை. நீ போய் முகத்தைப் பார். நான் வள்ளத்திலை இருக்கிறன்."

போனார்கள். பாலத்துக்கு இப்பால் முழங்கால் தண்ணீரில் அவளை இறக்கிவிட்டு அவன் வள்ளத்திலேயே இருந்தான் என்று பொன்னாலையில் வலை இழுத்தவர்கள் சொன்னார்கள். அவள் ஈரச் சீலையோடு சுழிபுரத்துக்கு நடந்தாள். அப்போது பரமலிங்கம் வட்டத்தின் மறு பாதியில், வேலணைப் பக்கம் எங்கேயோ மிதித்துக்கொண்டிருந்திருப்பான்.

7

நிச்சயமாகத் தெரிந்தவை இரண்டு. அன்று கதிரவேலுவுக்குக் கொள்ளி வைத்தது தம்பிராசா. அடுத்த நாள் காலை கமலாவதி திரும்பி வந்தபோது தலை முழுகியிருந்தாள். செத்தவீட்டுக்குள் போனவரும் முழுகுவார், படலைக்கு வெளியே நின்றவரும் முழுகுவார். குணலட்சுமியைக் கேட்டால், தான் உள்ளே பெண்களோடு ஒப்பாரியில் இருந்ததாகவும், வெளியே வரும்போது பெட்டி போய்விட்டதாகவும் சொல்கிறாள். கமலாவதி சொல்லவில்லை. பதினெட்டு வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் நான் கேட்கவில்லை.

ஒரு முடிவில் தம்பிராசா அவளை உள்ளே விட்டு, சத்தியத்தை முறித்து, அந்தப் பாவத்தோடு கொள்ளி வைக்கிறான். இன்னொன்றில் அவளே படலையில் நின்று, "நான் உள்ளுக்கு வரேல்லை அண்ணை, நீ உன்ரை கடமையைச் செய்" என்கிறாள். மூன்றாவது ஒன்றும் எழுதினேன். அதில் எல்லாரும் அழுதார்கள், எனக்கே பிடிக்கவில்லை. எதிலும் தம்பிராசாவின் வாயில் என் குரல்தான் வந்தது. எனக்கு அண்ணன் இல்லை. உங்களில் சிலருக்கு இருப்பார். சிலர் நீங்களே அண்ணன்மார்.

ஆகையால் அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை. இடம் விட்டிருக்கிறேன். "தங்கச்சி" என்று தொடங்குவதா, பெயர் சொல்லித் தொடங்குவதா, அதுவும் உங்கள் பாடு. கனக்க யோசிக்க நேரமில்லை. பெட்டியைத் தூக்க நாலு பேர் குனிந்துவிட்டார்கள். படலைக்கு வெளியே முழங்கால் வரை நனைந்த சீலையோடு அவள் நிற்கிறாள். முற்றத்தில் நின்றவன் நிமிர்ந்து பார்க்கிறான்.

தம்பிராசா சொன்னான்: