மாப்பிள்ளை தொடாத கணினி

எங்கள் லாரி அலுவலகத்துக்கு லினக்ஸ் போட்ட கணினிகளைக் கொண்டுவந்தவன் என் மகன். கேபிள் இழுத்து மேசைக்கு மேசை இணைப்புக் கொடுத்ததும் அவன்தான். ஆனால் மாப்பிள்ளை கவுன்டரில் உட்கார்ந்த நாளிலிருந்து டிரைவர்கள் அவரைத்தான் தேடினார்கள். "மாப்பிள்ளை சார் இல்லையா? அப்ப நான் அப்புறமா வர்றேன்" என்று மகனின் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவன் முகம் சுண்டிப்போகும்.

அன்று காலை கவுன்டர் கணினி மந்தமாக இருக்கிறதென்று மாப்பிள்ளை அதை ரீஸ்டார்ட் செய்தார். மறுபடி எழுந்தபோது நெட்வொர்க் இல்லை. பில் போட முடியாமல் லாரிகள் கேட் வரை நின்றன.

மகன் வந்து பார்த்தான். "நெட்வொர்க் செட்டிங் ஃபைல் ஒண்ணுகூட இல்ல. சுத்தமா தொடச்சு வெச்சிருக்கீங்க, மாப்பிள்ளை."

"நான் ரீஸ்டார்ட் மட்டும்தான் பண்ணேன், மச்சான்."

"ஆமா, ஃபைல் தானா எந்திரிச்சு நடந்து போயிடுச்சு."

டிரைவர்கள் சிரித்தார்கள். பார்சல் மேசையிலிருந்து என் மகள் எழுந்து வந்தாள். "அப்பா, இவர்தான் அழிச்சார்னு நீங்களும் நெனச்சா, இன்னிக்கே நாங்க கெளம்பிடறோம்."

குடும்ப விவகாரத்தை நாலு பேர் நடுவில் பேசும் வழக்கம் எனக்கில்லை. என் அறைக்கு வந்தேன். என் கணினியும் மந்தமாகத்தான் இருந்தது. ரீஸ்டார்ட் செய்யலாமென்று பொத்தானை அழுத்தப் போனேன்.

பின்னாலேயே வந்த மகன் பாய்ந்து கையைப் பிடித்தான். "அப்பா, அதத் தொடாதீங்க!"

"ஏன்? இத மாப்பிள்ளை தொடவே இல்லையே?"

அவன் கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னான். பழைய ஃபைல்களைக் கழிக்க அவன் எழுதிய ப்ரோக்ராமை முந்தின நாள் எல்லாக் கணினிகளிலும் போட்டிருக்கிறான். அது நெட்வொர்க் ஃபைல்களையும் சேர்த்து அழித்துவிட்டது. அணைக்காத கணினிகள் அந்த ஃபைல்களிலிருந்து முன்பே படித்து நினைவில் வைத்த எண்களைக் கொண்டு ஓடுகின்றன. அணைத்து எழுப்பினால் அவற்றுக்கும் கவுன்டர் கணினியின் கதிதான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அவர்கிட்டப் பேசும்போதே." குரல் இறங்கியது. "சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறேன்ப்பா. ஒரே ஒரு நாள் அவர் பேர் கெட்டாத்தான் என்ன? தெனம் அவர் புராணத்தையே கேட்டுக் கேட்டு..."

"உன் தங்கச்சி பொட்டி கட்டப் போறாடா."

கதவைத் திறந்தேன். மாப்பிள்ளையையும் மகளையும், சிரித்த டிரைவர்களையும் உள்ளே அழைத்தேன். எல்லார் முன்னிலையிலும் பொத்தானை அழுத்தினேன். கணினி அணைந்து எழுந்தது. நெட்வொர்க் இல்லை.

"இத யார் தொட்டது? சொல்லு."

மகன் சுவரைப் பார்த்தபடி, "என் ப்ரோக்ராம்தான் அழிச்சுது. அவர் இல்ல" என்றான். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "அவருக்காக என்னத் தலகுனிய வெச்சிட்டீங்க" என்றான்.

"அவருக்காகவா? நம்ம வீட்டு மானத்துக்காகடா."

மாப்பிள்ளை தாளும் பேனாவும் எடுத்தார். இன்னும் ஓடிக்கொண்டிருந்த கணினிகளில் இருந்த நெட்வொர்க் எண்களைக் குறித்துக்கொண்டு வந்து, மகன் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். மகன் அவற்றைக் கணினியில் தட்டினான்.

"மச்சான், அது ஒண்ணு இல்ல, ஏழு."

"தெரியும்" என்று கடுகடுத்துவிட்டு மகன் அதைத் திருத்தினான்.