எல்டர்லோவின் அண்டை அயலார்

கரிமண் சதுப்பின்மேல் பாலாடைபோல் படிந்து கிடந்த பனி, செங்கதிர் எட்டிப்பார்த்த அளவில் மெல்லக் கலைய, அகழ்ந்தோய்ந்த கிழங்கு வயல்களும், வைக்கோற் கூரை தாழ்ந்த மனைகளும், வானைக் குத்தி நின்ற கோயில் ஊசிக்கோபுரமும் ஒன்றன்பின் ஒன்றாய்த் துலங்க, திரெந்தே நாட்டுச் சிற்றூராகிய எல்டர்லோ கண்விழித்தது. சில நாள்முன் அவ்வூர் வானில் எரிந்து சிதறிய குண்டு வானூர்தியினின்றும் வீழ்ந்து மாண்ட ஆங்கில இளைஞர் எழுவர், லம்மெகீன் என்னும் கைம்பெண்ணின் களஞ்சியத்தில், ஏழு பெட்டிகளில் துயின்றனர்.

போரில் நாட்டைப் பற்றிக்கொண்ட செருமானியர் அவ்வூர்க்கு நட்டுவைத்த தலைவர் டெல்டனாரைப் பற்றி, படிப்போரே, என்ன சொல்ல? நகரத்தினின்று வந்திறங்கிய அப்பெருந்தகையின் வயிறு தெருமுனை திரும்பி நெடுநேரம் கழித்தே அவர் திரும்புவார். அவர் மீசை மெழுகைக்கொண்டு கோயிலுக்கு ஓராண்டு விளக்கேற்றலாம். செருமானியரின் நாயைக் கண்டாலும் தொப்பியைக் கழற்றுவார். அவர் தம் பேரறிவையெல்லாம் பிழிந்து ஓர் ஆணை எழுதினார்: மணி ஒலிக்கலாகாது, உறவினரும் அண்டை அயலாருமன்றி எவரும் அடக்கத்திற்கு வரலாகாது. உறவினரோ கடலுக்கப்பால், வானில் பறந்தவனுக்கு அண்டைவீடு ஏது? ஈ காக்கையும் வாராதென்று தம்மைத் தாமே மெச்சிக்கொண்டார்.

திரெந்தே மண்ணிலோ, இறந்தானைத் தோளேற்றிக் கோயிலை மும்முறை வலம்வந்து அடக்குவது அண்டை அயலாரின் கடன். லம்மெகீனின் மகன் பேரெண்ட், கலமேறிப் போய், எங்கோ ஒரு வெப்பக் கரையில் புதையுண்டவன். அவனுக்குத் தோள் கொடுத்தார் உண்டோ இல்லையோ என்னும் முள் அவள் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. இவ்வெழுவரையும் தோளின்றி மண்ணில் இறக்க அவள் ஒருப்படவில்லை. ஆணையைப் படித்தாள், சிரித்தாள், வீடு வீடாய்ச் சென்றாள்.

அடக்க நாள் காலையில், கோயிலை ஒட்டிய கல்லறைத் தோட்ட வாயிலில் ஊரே கறுப்புடுத்து நின்றது. டெல்டனார் முகம் அவித்த கிழங்காயிற்று.

“யாரும் வரக்கூடாதுன்னு சொன்னேன்ல?”

“அண்டை அயலார் வரலாம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க, தலைவரே,” என்றாள் லம்மெகீன்.

“வானத்துல இருந்து விழுந்தவனுக்கு நீ எப்படி அண்டை?”

“என் கிழங்கு வயல்லதான் வந்து விழுந்தாங்க. இதுக்கு மேல என்ன பக்கம் வேணும்?”

“சக்கரம் என் கோழிக்கூட்டு மேலங்க,” என்றான் கிழவன் ரூலோஃப். “சேவல் இன்னும் கூவ மாட்டேங்குது.”

“எனக்கு ஒரு திருகாணி,” என்றாள் ஒருத்தி. “சின்னதுதான். அதுக்காக அயலார் இல்லைன்னு ஆயிடுமா?”

அன்று உரிமை கோரப்பட்ட துண்டுகளையெல்லாம் ஒட்டியிருந்தால், எல்டர்லோவையே ஏற்றிப் பறக்கவல்ல ஊர்தி ஒன்று கிடைத்திருக்கும். காவல் நின்ற செருமானிய முதுவீரன் ஆணையை வாங்கி இருமுறை படித்தான்.

“எழுதினபடிதானே வந்திருக்காங்க,” என்று வழிவிட்டான்.

லம்மெகீன் திரும்பினாள். “உங்க கூரை ஓடும் நாலு உடைஞ்சுதாமே, தலைவரே. அப்ப நீங்களும் அயலாருதான். வந்து தோள் குடுங்க.”

“அது மழையில உடைஞ்சது,” என்று முணுமுணுத்து அவர் நழுவினார். ஓடு உடைக்கும் மழையை உலகம் அன்றுதான் கேள்விப்பட்டது.

ஆடவர் பலரைச் செருமானியர் வேலைக்குப் பிடித்துச் சென்றிருந்தமையால், பெண்டிரே பெட்டிகளைச் சுமந்தனர். ஒலியாத மணியின் கீழ், முதற்பெட்டியின் தலைப்புறம் தாங்கி மும்முறை வலம்வந்த லம்மெகீனின் தோள் கன்றியது. தன் மகனைச் சுமந்த தோளும் இப்படித்தான் கன்றியிருக்கும் என்று, அவன் போனபின் முதன்முறையாக, அவள் நம்பினாள்.

அயல் என்னும் நம் சொல்லுக்குப் பக்கம் என்றும் பொருள், வேற்றுநாடு என்றும் பொருள். அவ்விரு பொருளும் ஒரே தோளில் ஏறிய அந்தக் காலையில், மீசை ஒன்றையே சுமக்கத் தெரிந்த ஒருவர், அயலார் எவருமின்றித் தம் உடைந்த கூரையின்கீழ்த் தனித்திருந்தார்.