பின்பக்கத்து இரும்புப் படி

விடிவதற்குள் பாய்லர் சூடேறிவிட வேண்டும். முதல் சுமை மருத்துவமனை விரிப்புகள். ஈரத்தோடு தூக்கினால் தோள்பட்டை கழன்றுவிடும். மாடியில் ஒன்பது பேர் இஸ்திரி போடுவோம். ஏழு மணிக்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

எனக்குச் சந்தேகப் புத்தி. "காபி குடுத்தாக்கூட மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பீங்க" என்பாள் என் மனைவி. அப்படிப்பட்ட நானே ஏமாந்தேன்.

எங்கள் சலவைக் கூடம் பழைய கடைவீதியில் இருக்கிறது. வீதியைப் புதுப்பிக்கப் போவதாக நகராட்சி முனையில் ஒரு பெரிய படம் வைத்திருந்தது. மரம், பெஞ்சு, கண்ணாடிக் கடைகள். எங்கள் கூடம் இருந்த இடத்தில் ஒரு குடும்பம் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தது.

அன்று காலை கதவில் நகராட்சியின் சிவப்பு நோட்டீஸ். மாடிக்கு அவசர வழி இல்லை, ஏழு நாளில் காலி செய்ய வேண்டும்.

முதலாளி வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஈரம் இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தேன். இல்லை.

"சட்டம்னு வந்துட்டா நான் என்னப்பா பண்ணுவேன்? உங்க உயிருக்காகத்தானே சொல்றாங்க. நீங்களா விருப்பப்பட்டு வேலைய விட்டு நின்னுக்கறதா ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

"மறுபடி எப்பங்க தெறப்பீங்க?" துணிகளில் மையால் அடையாளம் போடும் குறி அக்கா கேட்டாள்.

"பாப்போம்."

அந்தப் 'பாப்போம்' எனக்குப் பிடிக்கவில்லை.

பாய்லருக்குத் தீ மூட்டும் பாய்லர் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "வழி இருந்துச்சே மொதலாளி. பின்னாடி இரும்புப் படி."

"அது துருப்பிடிச்சுப் போச்சு. கழட்டியாச்சு."

கழற்றியது யார்? நான்தான், இன்னும் நாலு பேரும். பெயிண்ட் அடிக்க வேண்டும், கழற்றித் தந்தால் அரை நாள் லீவு என்றார் முதலாளி. நாங்களும் குஷியாக போல்ட்டுக்கு எண்ணெய் விட்டு, கீறல் விழாமல் பழைய விரிப்பைச் சுற்றி, அவருடைய கிடங்கில் கொண்டுபோய்ப் போட்டோம். மூன்று மாதமாயிற்று. அவமானம் என்னைப் பிடுங்கித் தின்றது.

"அன்னிக்குப் பெயிண்ட்னீங்க. இன்னிக்குத் துருங்கறீங்க" என்றேன்.

"என் மேலயே சந்தேகப்படறியா?"

"ஆமாங்க."

அவர் போனதும் ஒருவன் நோட்டீஸைக் கிழிக்கப் போனான். குறி அக்கா தடுத்தாள். போன வருஷம் நீராவிக் குழாய் வெடித்து அவள் கை முழங்கை வரை வெந்திருந்தது.

"கிழிக்காத. அதுல எழுதியிருக்கறது நெசம். இந்த மூணு மாசத்துல தீப் புடிச்சிருந்தா மேல ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டீங்க. வழி இல்லேன்னா வழிய வெக்கச் சொல்லுவோம். நம்மள எதுக்கு வெரட்டணும்?"

யாரும் கையெழுத்துப் போடவில்லை. நேரில் வந்து பார்க்கச் சொல்லி நகராட்சி ஆய்வாளருக்கு மனு எழுதினோம். அவர் வருவதாகச் சொன்ன நாளில், பட்டப்பகலில், கிடங்குக்குப் போய்ப் படியைத் தூக்கினோம். கனம் முதுகை முறித்தது. அதே சிவப்பு நோட்டீஸ் வாங்கியிருந்த தையற்கடைக்காரர்களும் அச்சகத்துக்காரர்களும் ஓடிவந்து தோள் கொடுத்தார்கள். படியில் துரு ஒரு பொட்டுக்கூட இல்லை.

முதலாளி குறுக்கே வந்து நின்றார். "திருட்டுக் கேஸ் குடுப்பேன்!"

"குடுங்க" என்றார் பாய்லர் அண்ணன். "உங்க கிடங்குலேருந்து திருடி உங்க கட்டடத்துலயே கொண்டு வெச்சாங்கன்னு தெளிவா எழுதிக் குடுங்க."

தெருவே சிரித்தது.

ஆய்வாளர் அம்மா வந்து, கூடத்து வாசலில் இறக்கி வைத்திருந்த படியைத் தட்டிப் பார்த்தார். "முறைப்படி பொருத்திச் சான்று வாங்கணும். இப்பவே நோட்டீஸ எடுக்க முடியாது. சரி, இதக் கழட்டினது யாரு?"

முதலாளி என்னையே பார்த்தார். பழி என் தலையில் விழுந்தால் வேலையோடு போகாது, ஜெயிலுக்கும் போகலாம்.

"நான்தாங்க. இவரு சொல்லித்தான் கழட்டினேன்."

"பொய்! நான் சொல்லவே இல்ல."

கூட இருந்த நாலு பேரும் முன்னால் வந்தார்கள். பிறகு குறி அக்கா வந்தாள். "நான் கழட்டலீங்க. ஆனா இவரு கழட்டச் சொன்னத என் காதால கேட்டேன். எழுதிக்கங்க."

அவளுக்குப் பின்னால் பாய்லர் அண்ணன். அவருக்குப் பின்னால் கீழ்த்தளத்துக்காரர்கள். கிடங்கில் படி கிடந்ததைப் பார்த்தோம் என்று தையற்காரர்கள். வரிசை வாசலைத் தாண்டியது.

ஆய்வாளர் அம்மா எழுதத் தொடங்கினார். அவரையும் நான் முழுசாக நம்பவில்லை. "ஒவ்வொண்ணையும் சத்தமாப் படிச்சுக் காட்டிடுங்கம்மா" என்றேன்.

அவர் நிமிர்ந்து வரிசையைப் பார்த்தார். பிறகு, தெருவுக்கே கேட்கும்படி படிக்க ஆரம்பித்தார்.