ஏணி வைத்து ஏறிய மைதானம்

கோச் ஹாஸ்கியூவுக்கு முதல்முறை சம்பளம் உயர்ந்த அன்று, டல்லி ஸ்பிரிங்ஸ் அரசுக் கல்லூரியின் கால்பந்து மைதானம், இருக்கைகள், விளக்குக் கம்பங்கள், பொரித்த கெளுத்தி மீன் கடை சகிதம் தரையை விட்டு ஒரு முழம் எழும்பி நின்றது. ஊர் பதறவில்லை. அணி ஜெயித்துக்கொண்டிருந்தது, ஏணி வாங்கிக்கொண்டார்கள். அடுத்தடுத்த உயர்வுகளில் மைதானம் பைன் மர உச்சிக்குப் போனது. சனிக்கிழமைதோறும் பாதிரியார்கூட அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்லீன் பெட்வேயின் மகன் ஓடெல் மட்டும் ஏறவில்லை. அங்கே ஆடித்தான் அவன் முழங்கால் நொறுங்கியது. அந்த வாரமே கோச் சொற்படி கல்லூரி படிப்புதவியை நிறுத்திவிட்டு, வைத்தியம் உன் பாடு என்றது. ஆட்ட நாட்களில் மைதானத்தின் நிழலில் உட்கார்ந்து, மேலே கேட்கும் ஆரவாரத்தை வைத்தே ஆட்டத்தைச் சொல்வான். வெர்லீன் தலைநகர் போய், அடிபட்ட பையன்களுக்கு உதவி கேட்டுச் சட்டமன்ற உறுப்பினர்களைப் பிடித்தாள். நன்றாகத் தலையாட்டினார்கள். எல்லோர் சட்டைப் பையிலும் ஆட்டத்துக்கான இலவச டிக்கெட் எட்டிப் பார்த்தது.

பிள்ளைகளுக்காகப் பள்ளி வாசலில் காத்திருந்த நேரங்களில் அவள் தேர்தல் சட்டத்தைப் படித்தாள். ஒருவர் இரண்டு அரசுச் சம்பளம் வாங்கக் கூடாது, தேர்தலில் ஜெயித்த பதவியின் சம்பளமே செல்லும் என்றிருந்தது. போட்டியிட ஆளில்லாத பதவிக்கு வாக்குச்சீட்டில் கோச்சின் பெயரை எழுதிப்போடுவது அவ்வூரில் சிலருக்கு விளையாட்டு; அப்படி எழுதிய பெயருக்கு அதிக ஓட்டு விழுந்தால் அவரே ஜெயித்தவர். அந்த வருஷம் நாய் பிடிக்கும் அதிகாரி பதவிக்கு ஆளில்லை. வெர்லீன் வீடு வீடாகப் போனாள்.

"உன் மகனை நடுத்தெருவுல விட்டவருக்கா ஓட்டுக் கேக்குறே?" என்றான் முடிதிருத்தும் கிளீட்டஸ்.

"ஜெயிச்சுக் குடுக்கிற மனுஷன், நம்ம அன்பைக் காட்ட வேணாமா? நீ ஒழுங்கா பேரை எழுது, போதும்."

கோச் அமோகமாக ஜெயித்து, விழுந்து விழுந்து சிரித்தார். நீதிபதி சட்டத்தைப் படித்து, இனி நாய் பிடிக்கும் சம்பளம் மட்டும்தான் என்றதும் சிரிப்பு நின்றது. ராஜினாமா செய்யலாம்தான். ஆனால், 'பாதியில் விடுகிறவன் நம்மவன் இல்லை' என்ற அவருடைய வாசகம் ஊர் வாசலில் ஆளுயர எழுத்தில் இருந்தது. ராஜினாமா செய்யப் போனவரைப் பார்த்து, பதவியேற்க வருகிறார் என்று நினைத்த கிழவர்கள் தொப்பியைக் கழற்றிக் கண் கலங்கினார்கள். பாவம், வலையை வாங்கிக்கொண்டு நாய் பிடிக்கப் போனார். மைதானம் அன்றே இறங்கத் தொடங்கியது.

மாதக் கடைசியில், கால்சட்டை கிழிந்த கோலத்தில் பேருந்தை மறித்தார். "ஏம்மா வெர்லீன், இதிலேர்ந்து எப்படித்தான் வெளிய வர்றது?"

"ரெண்டு சம்பளம் வாங்கலாம்னு சட்டத்தை மாத்தணும் கோச். கூடவே, அடிபட்ட பையனுக்குக் குணமாகிறவரை வைத்தியம், பட்டம் வாங்குறவரை படிப்புதவி. செலவு உங்க சம்பளத்துலேர்ந்து. எல்லாம் ஒரே மசோதா. நீங்க கேட்டா இல்லேன்னு சொல்ல மாட்டாங்க."

"என் சம்பளத்துலேர்ந்தா?"

தெருமுனையில் ஒரு நாய் குரைத்தது.

"சரிம்மா, சரி."

மசோதா மதியச் சாப்பாட்டுக்கு முன்பே நிறைவேறியது. தரைவரை இறங்கிய மைதானம், பையன்களின் செலவு போக மீந்த சம்பளம் கோச்சுக்குத் திரும்பியதும் ஒரு படி உயரம் எழும்பி, அங்கேயே நின்றுவிட்டது. சாய்வாக ஒரு பலகை போட்டார்கள். ஏணிகள் பீச் பழம் பறிக்கப் போயின.

அறுவை சிகிச்சை முடிந்து ஓடெல் ஊன்றுகோலோடு பலகையில் ஏறி உள்ளே வந்தான். உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஆரவாரத்தைக் கேட்டான்.

"அம்மா, நம்ம பசங்க தோக்குறாங்க."

"தோத்தா தோக்கட்டும்டா," என்றாள் வெர்லீன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நீ காலை நல்லா நீட்டி உக்காரு."